ஒரு சண்டைக்கு இரண்டு பெயர்

ஆசா செத்துப்போன சேதி ஊர் முழுக்கப் பரவுவதற்குள் இரண்டு கொடிகள் வாசலுக்கு வந்துவிட்டன. திர்சா அப்போதுதான் ஐஸ் வண்டியை நிறுத்தி இரண்டு கட்டி இறக்கச் சொல்லியிருந்தாள். கணவனைக் கிடத்தியிருந்த பலகைக்கு அடியில் துணி துவைக்கும் தொட்டியை நகர்த்திவிட்டு நிமிர்ந்தால், கதவை அடைத்துக்கொண்டு இரண்டு கிழவர்கள். கொடிகளை வெளியே சாய்த்துவிட்டு வரச் சொன்னாள். ஜூலை மாத வெயில். இவர்களோடு மல்லுக்கு நிற்க அவளுக்கும் நேரமில்லை, ஐஸுக்கும் நேரமில்லை.

ஒருவர் லெமுவேல் கிரிக்ஸ்பி, நீலச் சட்டைச் சங்கத் தலைவர். இன்னொருவர் ஹோரேஸ் டாபனி, சாம்பல் சட்டைச் சங்கத் தலைவர். கிரிக்ஸ்பியின் தங்கையைத்தான் டாபனி கட்டியிருந்தார். போர் நடந்தபோது கிரிக்ஸ்பி பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். டாபனி குதிரையைத் தொலைத்துவிட்டு நடந்துகொண்டிருந்தார். போர் முடிந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. அதற்குள் முன்னவர் மேஜராகவும் பின்னவர் கர்னலாகவும் ஆகிவிட்டார்கள். டாலிவர் ஊரில் பதவி உயர்வெல்லாம் சமாதான காலத்தில்தான்.

அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டபோது கென்டக்கி நடுவில் மாட்டிக்கொண்டது. டாலிவரில் ஒரே வீட்டில் அண்ணன் நீலச் சட்டை போட்டு வடக்குக்காகப் போனான், தம்பி சாம்பல் சட்டை போட்டுத் தெற்குக்காகப் போனான். திரும்பி வந்தவர்கள் ஒரே கடையில் புகையிலை வாங்கினார்கள், ஒரே தேவாலயத்தில் பாடினார்கள். செத்தால் மட்டும் ஒன்றாகப் படுக்க மாட்டோம் என்று மேட்டுக் கல்லறைத் தோட்டத்தை வாங்கி நடுவில் இரும்பு வேலி போட்டார்கள். சீட்டுக் குலுக்கியதில் தென்பாதி வடக்கத்திக்காரர்களுக்கு விழுந்தது. தெற்கத்திக்காரர்கள் வடக்கே படுத்தார்கள். இதைக் கேட்டுச் சிரித்த ஒரு பாத்திர வியாபாரியை அன்றைக்கே ஊரை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் கல்லறை வாசலுக்கு இரும்பு வளைவு வந்தது. பெரிய சண்டைகளின் பெயர்களை அதில் பொறிப்பதாக ஏற்பாடு. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஒவ்வொரு சண்டைக்கும் இரண்டு பெயர். வடக்கத்திக்காரர்கள் பக்கத்தில் ஓடிய தண்ணீரின் பெயரைச் சொல்வார்கள், தெற்கத்திக்காரர்கள் பக்கத்து ஊரின் பெயரை. அவர்கள் புல் ரன் என்ற ஓடையில் தோற்றார்கள், இவர்கள் மனாசஸ் என்ற ஊரில் ஜெயித்தார்கள்; இரண்டும் ஒரே நாள், ஒரே வயல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாவம், ஒரே சண்டையை இரண்டு தடவை மனப்பாடம் செய்தார்கள். கடைசியில் ஊர்ச் சபை ஒரு முடிவு சொன்னது. மேட்டில் எந்தப் பக்கம் போராடியவர்கள் அதிகம் பேர் புதைந்திருக்கிறார்களோ, அந்தப் பக்கத்துப் பெயர்கள் வளைவில் ஏறும். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜூலை கடைசியில் எண்ணிப் பார்ப்பது.

இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு என்று ஆறு மாதமாக நின்றது. ஒரே ஒரு சாவு வந்தால் போதும், ஆனால் எதிர்ப்பக்கத்தில் வந்துவிடக் கூடாது. நெஞ்சில் சளி கட்டிக் கிடந்த சாம்பல் சட்டைக் கிழவர் ஒருவருக்கு நீலச் சட்டை வீட்டுப் பெண்கள் முறை வைத்துக் கோழி சூப் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்து எழுந்து ஒரு சுற்றுப் பெருத்தும் விட்டார். அவருடைய சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்த நிலைமையில்தான் ஆசா ஒரு வியாழக்கிழமை காலையில் கொட்டிலில் கழுதைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து செத்தான்.

ஆசா எந்தச் சங்கத்திலும் சேராதவன். அறுபத்திரண்டாம் வருஷம் ஜனவரியில் வீட்டை விட்டுப் போனான், இருபது நாள் கழித்துத் தொடையில் குண்டோடு வந்தான். அந்த வாரம்தான் நாற்பது மைல் தள்ளி அந்தப் பெரிய சண்டை நடந்திருந்தது. மழையும் மூடுபனியுமான நாள். மழைக்கோட்டு போட்ட தளபதி ஒருவர் எதிரிகளைத் தன் ஆட்கள் என்று நினைத்துப் பக்கத்தில் போய் உத்தரவு போட்டுச் செத்துப்போனார். கிழக்குக் கென்டக்கி யார் கையில் என்பது அன்றோடு முடிந்துவிட்டது என்பார்கள். ஆசா அங்கேதான் அடிபட்டான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டால் "மழை பெஞ்சுது" என்பான். அதற்கு மேல் நோண்டினால் எழுந்து கொட்டிலுக்குப் போய்விடுவான்.

திர்சாவுக்கு உண்மை தெரியும். ஆசா போருக்கே போகவில்லை. அவனுடைய கோவேறு கழுதையை ஏதோ ஒரு பட்டாளம் ஓட்டிக்கொண்டு போய்விட்டது. அதைத் தேடிப் போனான். தேடிக் கண்டுபிடித்தபோது கழுதை இரண்டு படைக்கும் நடுவில், மக்காச்சோளக் காட்டில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. எவன் சுட்டான் என்று அவனுக்கே தெரியாது. கழுதைக்காகக் குண்டடி பட்டவன் என்று ஊரில் பேர் வாங்க அவனுக்கு வெட்கமாக இருந்தது, அவளும் வெளியே சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டின் ஒரே ரகசியம் அதுதான்.

இப்போது அவளுக்கு வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான். அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை மெர்சி, பதினோரு மாதத்தில் கக்குவான் இருமலில் போனவள், அந்த மேட்டில்தான் கிடந்தாள். அவளைப் புதைத்தபோது அங்கே வேலியும் இல்லை, சங்கமும் இல்லை. பிறகு வேலி வந்தது, மெர்சி நீலச் சட்டைப் பக்கம் போனாள். பூ வைக்க வேண்டுமென்றால் கிரிக்ஸ்பி வீட்டில் சாவி வாங்க வேண்டும். போராடியவனுக்கும் அவன் மனைவிக்கும் மட்டுந்தான் மேட்டில் இடம். ஆசா நீலச் சட்டை என்று ஆகிவிட்டால் குழந்தைக்குப் பக்கத்தில் படுப்பான், நாளைக்கு அவளும் படுப்பாள். பொய் சொல்லுவது என்று அவள் காலையிலேயே முடிவு செய்திருந்தாள். ஆசாவின் முகத்தைத் துடைக்கும்போதே அவனிடம் அதைச் சொல்லியும் விட்டாள்.

சந்தேகமான சாவுகளுக்கு இரண்டு சங்கமும் சேர்ந்து ஒரு விதி வைத்திருந்தன. எழுதியது கிரிக்ஸ்பி. செத்தவர் தன்னுடைய சண்டையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று மனைவியிடம் கேட்க வேண்டும். யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. வாயில் வரும் முதல் வார்த்தைதான் சாட்சி. எல்லைப்புற ஊரில் காகிதமெல்லாம் எரிந்துபோயிருந்தது, சிலர் இரண்டு பட்டாளத்திலும் சாப்பிட்டிருந்தார்கள். நாக்கு மட்டும் பொய் சொல்லாது என்பது கிரிக்ஸ்பியின் எண்ணம்.

டாபனி அந்தத் தாளை எடுத்துப் படித்தார். தொட்டியில் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

திர்சா யோசிப்பது போலக் கொஞ்சம் நின்றாள். அந்தச் சண்டைக்கு மில் ஸ்பிரிங்ஸ், ஃபிஷிங் கிரீக் என்று இரண்டு பெயர்கள் அவள் காதில் விழுந்ததுண்டு. மில் ஸ்பிரிங்ஸ் ஒரு கிராமம். கல்யாணத்துக்கு முன்னால், பிறந்த வீட்டிலிருந்து அங்கே மாவு அரைக்க அவளே போயிருக்கிறாள். மற்றது ஓடை. நீலச் சட்டைக்காரன் தண்ணீரைச் சொல்வான், சாம்பல் சட்டைக்காரன் ஊரைச் சொல்வான். இது இந்த ஊரில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்.

"ஃபிஷிங் கிரீக்" என்றாள். அது போதாதோ என்று, "ஓடை, ஓடைன்னுதான் எப்பவும் சொல்லுவாரு" என்றும் சேர்த்தாள்.

டாபனி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். கிரிக்ஸ்பி பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். எதிர்பார்த்ததற்குத் தலைகீழாக இருக்கிறதே என்று திர்சா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாச் சண்டைக்கும் தண்ணி நாங்கதான் தங்கச்சி" என்றார் கிரிக்ஸ்பி, அழாத குறையாக. "இந்த ஒண்ணுக்கு மட்டும் நாங்க ஊர்ப் பேரை வெச்சுட்டோம். மில் ஸ்பிரிங்ஸ். ஓடைங்கறது அவங்க."

"ஏண்ணே?"

"யாருக்குத் தெரியும். அன்னைக்கு மழை."

வயதாகிவிட்டது, துக்க வீடு, வாய் தவறி வந்திருக்கும், இன்னொரு தடவை கேளுங்கள் என்று திர்சா சொல்லிப் பார்த்தாள். கிரிக்ஸ்பியும் அவளுக்காக ஏதோ இழுத்தார். டாபனி அசையவில்லை.

"முதல் வார்த்தைதான் சாட்சி மச்சான். எழுதினது நீ. கையெழுத்தும் உன்னுதுதான். ரொட்டி மாவு ஒட்டியிருக்கு பாரு."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. சொன்னால் ஆசா எந்தப் பக்கமும் இல்லாதவன் ஆவான்; தோல் பதனிடும் பட்டறைக்குப் பின்னால், நாதியற்றவர்களைப் போடும் பள்ளத்துக்குப் போவான். வேலிக்கு அந்தப் பக்கம் என்றாலும் மேடு மேடுதான். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒன்று மட்டும் கேட்டாள், குழியை வேலியை ஒட்டி வெட்ட முடியுமா என்று. டாபனி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு உருகிப்போனார். எதிரிக்கு நேர் எதிரே, முன்வரிசையில், கடைசி வரைக்கும் காவல் நிற்க ஆசைப்படுகிறான் என் தோழன் என்றார். முந்தின நாள் வரை அவர் ஆசாவோடு பேசியதெல்லாம் லாடம் அடிப்பதைப் பற்றித்தான்.

மறுநாள் காலையில் திர்சா மேட்டுக்குப் போனபோது ஐஷம் இடுப்பளவு குழியில் நின்றிருந்தான். இரண்டு பக்கத்துக்கும் குழி வெட்டுவது அவன்தான். வேலிக்கு எண்ணெய் போடுவதும் அவன்தான். போருக்கு முன்னால் நீலச் சட்டை கிரிக்ஸ்பியின் அப்பா வீட்டில் அடிமையாக இருந்தவன். அவனுக்கும் அவள் வயதுதான் இருக்கும், அறுபதை நெருங்குகிறது. வேலியில் கை வைத்து அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். மெர்சியின் கல் நான்கடி தூரத்தில் இருந்தது. எட்டித் தொட முடியாத நான்கடி. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. கணவனைச் சாகக் கொடுத்துவிட்டு ஒரு ஓடையின் பெயரில் தோற்றுவிட்டாளே.

ஐஷம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"அது உங்க பாப்பாவாம்மா?"

அவள் தலையாட்டினாள்.

அவன் கொஞ்ச நேரம் குழியைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான். பிறகு, "வேலி ரெண்டடிதாம்மா இறங்கியிருக்கு. நான்தானே நட்டேன்" என்றான். "குழி ஆறடி."

அவள் வேலியிலிருந்து கையை எடுத்தாள். வீட்டுக்குத் திரும்பி வரும்போது, இரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

அன்று மதியம் அடக்கம். ஏழு கிழவர்கள் துப்பாக்கி தூக்கினார்கள். ஐந்து வெடித்தது, ஒன்று வெடிக்கவில்லை, இன்னொன்று எல்லோரும் தொப்பி போட்டுக்கொண்ட பிறகு வெடித்து ஒரு குதிரையை மிரட்டியது. குழியின் ஒரு சுவர் முழுக்க ஐஷம் சாக்குத் துணி தொங்கவிட்டிருந்தான். என்ன இது என்று டாபனி கேட்டதற்கு, ஈர மண், சரிந்துவிடும் ஐயா என்றான். தோற்றுப்போன நீலச் சட்டைக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று பார்த்தார்கள். இருபத்து மூன்றுக்கு இருபத்திரண்டு. சிலருக்குக் கண் கலங்கியிருந்தது.

டாபனி பேச ஆரம்பித்தார். ஆசா ஒரு சண்டையிலாவது இருந்திருப்பான் என்பது போய், போரின் எல்லாச் சண்டையிலும் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினார். மனாசஸ் என்றார். "புல் ரன்" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். ஷார்ப்ஸ்பர்க் என்றார். "ஆன்டீட்டம்" என்றன நாலைந்து குரல்கள். மர்ஃப்ரீஸ்பரோ என்று இவர் முடிப்பதற்குள் "ஸ்டோன்ஸ் ரிவர்" என்றார்கள். ஷைலோ என்றதற்குப் "பிட்ஸ்பர்க் லேண்டிங்" என்று கிரிக்ஸ்பியே கத்தினார். சவப்பெட்டி நடுவில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஜெபம் சொல்ல வந்த பாதிரியார் உட்கார இடம் தேடினார். பிறகு டாபனி விக்ஸ்பர்க் என்றார், கெட்டிஸ்பர்க் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. ஒன்றில் ஊரே முற்றுகையில் கிடந்து கழுதைக் கறி தின்றது. மற்றதில் மூன்று நாளில் ஐம்பதாயிரம் பேர் விழுந்தார்கள். இரண்டுக்கும் இரண்டு பக்கமும் ஒரே பெயர்தான். கெட்டிஸ்பர்க்கில் டாபனியின் தம்பியும் கிரிக்ஸ்பியின் தம்பியும் போனார்கள். டாபனி பேச்சை அதோடு முடித்தார். மூக்கைச் சிந்திவிட்டு, பெட்டியை இறக்கச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு ஐஷம் சாக்கை விலக்கினான். வேலிக்கு அடியில், மெர்சியின் பக்கமாக, சுவரைக் குடைந்து பெட்டி நுழையும் அளவுக்கு ஒரு பொந்து வெட்டி, மேலே பலகை கொடுத்துத் தாங்கியிருந்தான். இரண்டு உருளைக் கட்டைகளைப் பெட்டிக்கு அடியில் செருகினான். அவன் உள்ளே இறங்கித் தள்ள, திர்சா மேலே நின்று கயிற்றை இழுத்துப் பிடித்தாள். பெட்டி ஒரு தடவை முனகியது, பிறகு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. கல் சாம்பல் பக்கம் நிற்கும், ஆசா நீலப் பக்கம் படுத்திருப்பான், குழந்தைக்கு ஒரு முழம் தூரத்தில். அவள் புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் குழிக்குள்ளேயே, அவள் முடிக்கும் வரை வேறு பக்கம் பார்த்து நின்றான்.

அழுது முடித்ததும் அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அவர் எந்தப் பக்கமும் இல்ல ஐஷம். கழுதைய மீட்கப் போனாரு."

ஐஷம் நிமிர்ந்தான். "கிடைச்சுதா?"

"கிடைச்சுது. அது மேல படுத்துக்கிட்டேதான் வீடு வந்து சேர்ந்தாரு. அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் உழுதுச்சு."

அவன் முதலில் சத்தமில்லாமல் சிரித்தான், பிறகு சத்தமாகவே. அவளும் சிரித்தாள், கன்னத்தில் ஈரத்தோடு. முன்வரிசையில் கழுதைக்காரர் என்றான் அவன். மண்ணைத் தள்ள ஆரம்பித்தான்.

சும்மா இருக்க முடியாமல் அவள் கேட்டாள், "நீயும் போனியாமே. எந்த ஓடை?"

"சால்ட்வில்லும்மா, வர்ஜீனியாவுல. அறுபத்துநாலு. நீலச் சட்டை, குதிரைப்படை, சார்ஜென்ட்." மண்வெட்டி நிற்கவில்லை. "அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரே பேருதான். யாரும் அதுக்காகச் சண்டை போடறதில்ல. சண்டை முடிஞ்சு எங்காளுங்க அடிபட்டவங்கள அங்கயே விட்டுட்டுப் பின்வாங்கிட்டாங்க. காலைல அவங்க வந்து, கறுப்பனா பார்த்துப் படுத்த இடத்துலயே சுட்டாங்க. நான் அடிபட்டு ஒரு பாறை இடுக்குல கிடந்தேன், சுடற சத்தம் எண்ணிக்கிட்டு. இந்த ஊர்ல இருந்து பதினாலு பேர் போனோம், அஞ்சு பேர் வந்தோம்."

"மத்த நாலு பேரும் இப்ப எங்க?"

அவன் கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே, முள்ளுப் பழப் புதர் மண்டிக்கிடந்த சரிவைக் கையால் காட்டினான். கல் இல்லை, குச்சி இல்லை. கரிய பழங்கள் அந்த மாதத்தில்தான் கனிந்திருந்தன.

திர்சாவுக்கு அந்தப் புதர் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஜூலையிலும் மெர்சிக்குப் பூ வைத்துவிட்டு, வாளி நிறைய அங்கேதான் பறிப்பாள். முள்ளுக்குப் பயந்து பழைய பூட்ஸ் போட்டுக்கொண்டு நடுவில் இறங்கி மிதித்து நின்று பறிப்பாள். அந்தப் பழத்தை மாவுக்குள் பொதித்துச் சுடும் 'பை' பலகாரம் என்றால் ஆசாவுக்கு உயிர். இந்த வருஷமும் இரண்டு செய்தாகிவிட்டது.

"நான் பறிக்கறத நீ பார்த்திருக்க" என்றாள்.

"பார்த்திருக்கேம்மா."

"ஒரு வார்த்தை சொல்லலியே."

"இருபத்திரண்டு, இருபத்திரண்டுன்னு எண்ணறவங்ககிட்டயே நான் சொன்னேம்மா. நாங்களும் நீலச் சட்டைதான், நாலு சேர்த்துக்குங்கன்னு. தோத்தாலும் பரவால்லன்னுட்டாங்க."

அவளுக்கு முகம் எரிந்தது. காலையிலிருந்து, வேலிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று தன் ஒருத்தி துக்கத்தையே அளந்துகொண்டிருந்தாள். போருக்கே போகாத ஒருவனை மரியாதையோடு படுக்க வைத்துக்கொண்டிருந்தவர், போரை முழுக்கப் பார்த்தவர்.  பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உங்களுக்கு எங்க இடம்?"

ஐஷம் மண்வெட்டியை நிறுத்தினார். அவள் கூப்பிட்ட விதம் அவர் காதில் விழுந்துவிட்டது.

"அங்கதாம்மா. மேல் ஓரமா, தண்ணி நிக்காத இடம் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். இடத்துக்குக் குறை இல்ல." கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார். "யாரு வெட்டுவாங்கன்னுதான் தெரியல."

குழி மேட்டில் இன்னொரு மண்வெட்டி கிடந்தது. திர்சா எழுந்து, பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு அதை எடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. முதல் வெட்டில் மண் வராமல் கைப்பிடி வந்து விலாவில் இடித்தது.

"எப்படிப் பிடிக்கணும்னு காட்டுங்க சார்ஜென்ட்" என்றாள்.

அவர் குழியைச் சுற்றிக்கொண்டு வந்தார். இடது கையை இன்னும் கீழே இறக்கச் சொன்னார்.